அயல் மண்ணில் படைவீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கப் படைகள் பிற நாடுகளில் தங்கியிருப்பதால் உலகத்துக்கு நன்மையா, தீமையா என்று கேட்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஒரே ஐயத்தைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதால், அவற்றுள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: அமெரிக்காவுக்கு ஏறத்தாழ எண்பது நாடுகளில் ராணுவத் தளங்கள் இருப்பதாகப் படித்தேன். தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நாட்டுக்கு இத்தனை தளங்கள் எதற்கு? இவற்றால் உலகில் போர் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா?
— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், விழுப்புரம்

பதில்: சுமார் 80 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் ஏறத்தாழ 750 இடங்கள் அமெரிக்க ராணுவத்தின் கையில் இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து மலைப்பதில் பயனில்லை. நாலு பேர் காவலிருக்கும் எரிபொருள் கிடங்கும், பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடைவீதி எல்லாம் கொண்டு ஒரு நகரமாகவே விரிந்து கிடக்கும் விமானத் தளமும் அந்தக் கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன. உண்மையான கனம் மூன்று நாடுகளில் இருக்கிறது. ஜப்பானில் ஐம்பதாயிரத்துக்கு மேல், ஜெர்மனியில் முப்பத்தைந்தாயிரம் அளவில், தென் கொரியாவில் 28,500 என்று படைவீரர்கள் நிலைகொண்டிருக்கிறார்கள். முதல் இரண்டும் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிடம் தோற்ற நாடுகள். மூன்றாவது, அந்தப் போர் முடிந்த ஐந்தே ஆண்டில் இன்னொரு போருக்குக் களமான நாடு.

உங்கள் கேள்வியை உரசிப் பார்க்க அந்த மூன்றாவது நாட்டைவிட நல்ல இடமில்லை. தென் கொரியாவில் இருந்த அமெரிக்கப் படை, சுமார் 500 ராணுவ ஆலோசகர்களை மட்டும் விட்டுவிட்டு, 1949 ஜூனில் வெளியேறியது. 1950 ஜனவரி 12 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் தம் நாட்டின் ஆசியத் தற்காப்பு எல்லையை விவரித்துப் பேசியபோது அலூசியன் தீவுகளையும் ஜப்பானையும் ரியூக்கியூ தீவுகளையும் பிலிப்பைன்ஸையும் சொன்னார். கொரியா அந்த வரிசையில் இல்லை. ஜூன் 25 அன்று வட கொரியப் படை, இரு கொரியாக்களுக்கும் எல்லையாக இருந்த 38ஆம் அட்சக்கோட்டைக் கடந்தது. அச்சிசனின் பேச்சு ஒன்றே போரைக் கொண்டுவந்தது என்று சொல்வது மிகை. வட கொரியத் தலைவர் கிம் இல் சுங் பல மாதங்களாகவே சோவியத் தலைவர் ஸ்டாலினிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். சீனத்தில் கம்யூனிஸ்ட் கட்சி வெற்றிபெற்றதும் சோவியத் ஒன்றியம் அணுகுண்டு செய்து முடித்ததும் ஸ்டாலினுக்குத் துணிச்சல் தந்தன. ஆயினும், போன படை திரும்பி வராது என்ற கணிப்பு அந்தத் துணிச்சலில் ஒரு பெரும் பங்கு என்பதை மறுக்க முடியாது. கணிப்பு தவறியது, அதன் விலையாகப் பல லட்சம் கொரியர்களும் சீனர்களும் முப்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களும் மாண்டார்கள். 1953இல் சண்டை நின்றபின் அமெரிக்கா ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த எல்லையில் முழுப் போர் மூளவில்லை.

முழுப் போர்தான் மூளவில்லையே தவிர, எல்லை ஓய்ந்திருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1976 ஆகஸ்டில், எல்லையிலுள்ள பன்முன்ஜோம் கூட்டுப் பாதுகாப்புப் பகுதியில், இரு காவல் சாவடிகளுக்கு நடுவே பார்வையை மறைத்துக்கொண்டு நின்ற ஒரு பாப்லர் மரத்தின் கிளைகளைக் கழிக்கப் போன குழுவை வட கொரிய வீரர்கள் கோடரியாலும் கழியாலும் தாக்கியதில் இரண்டு அமெரிக்க அதிகாரிகள் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து அமெரிக்கா அந்த மரத்தை வெட்டியது. மரம் அறுக்கப் பொறியாளர்கள் சிலர் போதும். ஆனால் அவர்களுக்குத் துணையாக வானத்தில் பி-52 குண்டுவீச்சு விமானங்களும் கடலில் மிட்வே என்ற விமானந்தாங்கிக் கப்பலும் நின்றன. ஒரு மரத்துக்காக ஒரு கண்டமே நிமிர்ந்து உட்கார்ந்த நாள் அது. 2010இல் சியோனான் என்ற தென் கொரியப் போர்க்கப்பல் மூழ்கி 46 மாலுமிகள் இறந்ததும், அதே ஆண்டு யோன்பியோங் தீவின்மீது வட கொரியப் பீரங்கிக் குண்டுகள் விழுந்ததும், 28,500 அமெரிக்கர்கள் அந்நாட்டில் இருந்தபோதுதான். பெரிய போரைத் தடுக்கிற படையால் சின்னச் சின்னச் சீண்டல்களைத் தடுக்க முடிவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1971இல் அதிபர் நிக்ஸன் தென் கொரியாவிலிருந்து ஒரு முழுப் படைப்பிரிவை, சுமார் இருபதாயிரம் பேரை, திருப்பி அழைத்துக்கொண்டார். அமெரிக்காவை இனி நம்ப முடியாது என்று முடிவுகட்டிய தென் கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ ரகசியமாக அணு ஆயுதத் திட்டத்தைத் தொடங்கினார். அமெரிக்கா கடுமையாக நெருக்கி அதைக் கைவிடச் செய்தது. ஆகவே படை போவதும் தங்குவதைப் போலவே அண்டை அயலைக் கலங்கடிக்கும் செயல்தான். என் கருத்து இது: இரு தரப்பும் அறிந்த ஒரு கோடு முன்பே கிழிக்கப்பட்டிருக்கும் இடத்தில் அயல்படை அந்தக் கோட்டைக் காக்கிறது, கோடே இல்லாத இடத்தில், ஒரு நாட்டின் உள்விவகாரத்தை ஒழுங்கு செய்யப் போகும் படை, தானே அந்த விவகாரத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வும், கனரகத் தரைப்படைக்கே தடுக்கும் வலு தெளிவாகத் தெரிகிறது என்றும், கடற்படைக்கும் விமானப்படைக்கும் அதற்கான சான்று மிகக் குறைவு என்றும் சொல்கிறது. ஊடகங்களில் நாம் அதிகம் பார்ப்பதென்னவோ விமானந்தாங்கிக் கப்பல்களைத்தான்.

கேள்வி: நான் சவூதியில் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவன். கொரியாவில் அமைதி காத்த அதே அமெரிக்கப் படை வளைகுடாவில் ஏன் பகையை வளர்த்தது?
— வாசகர், கீழக்கரை

பதில்: மேலே சொன்ன கோட்டைத்தான் இங்கும் பார்க்க வேண்டும். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தை விழுங்கியபோது சவூதி அரசு அமெரிக்கப் படையை அழைத்தது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து குவிந்தார்கள். அதுவரை எல்லாம் தெளிவு. எல்லை கடந்தவன் யார் என்று உலகமே அறிந்திருந்தது. 1991 பிப்ரவரியில் அவன் விரட்டப்பட்டான். சிக்கல் அதன்பிறகுதான். தெற்கு ஈராக்கின் வான்வெளியைக் கண்காணிக்க என்று சில ஆயிரம் பேர் சவூதியிலேயே தங்கிவிட்டார்கள். புனிதத் தலங்கள் இருக்கும் நாட்டில் அந்நியப் படை ஆண்டுக்கணக்கில் தங்குவதைச் சவூதி மக்களில் பலர் ஏற்கவில்லை. அந்த மனக்கசப்பை ஒசாமா பின் லாடன் 1996இல் வெளியிட்ட போர் அறிவிப்பின் முதல் காரணமாக்கிக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில் கோபர் நகரக் குடியிருப்பில் வெடித்த லாரி குண்டுக்கு 19 அமெரிக்க விமானப்படையினர் பலியானார்கள். அதன்பின்னே இருந்தவர்கள் பின் லாடனின் அல் காய்தாவினர் அல்லர், ஈரான் ஆதரவு பெற்ற வேறொரு குழுவினர் என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது. ஒன்றுக்கொன்று ஆகாத இரு தரப்புக்கும் அந்தப் படை ஒரே இலக்கானது. 2003இல் அமெரிக்கா அங்கிருந்த பெரும்படையை விலக்கி, தன் விமானத் தலைமையகத்தைக் கத்தாருக்கு மாற்றிக்கொண்டது.

லெபனான் இன்னும் தெளிவான உதாரணம். 1982இல் பன்னாட்டு அமைதிப் படையாகப் பெய்ரூட்டில் இறங்கிய அமெரிக்கர்கள், 1983 செப்டம்பரில் உள்நாட்டுப் போரின் ஒரு தரப்பாகிய லெபனான் ராணுவத்துக்கு ஆதரவாகத் தம் கப்பல்களிலிருந்து பீரங்கியால் சுட்டார்கள். அந்த நாளோடு நடுநிலை போயிற்று. அக்டோபர் 23 அன்று படைமுகாமுக்குள் பாய்ந்த லாரி குண்டு 241 அமெரிக்கர்களைக் கொன்றது. சற்று நேரத்தில் பிரெஞ்சு முகாமில் 58 பேர் இறந்தார்கள். நான்கு மாதத்தில் அமெரிக்கப் படை கப்பலேறியது.

கத்தாரின் கதை அண்மையது. மேற்கு ஆசியாவின் மிகப் பெரிய அமெரிக்கத் தளமான அல் உதெய்த் அங்கேதான் இருக்கிறது. 2025 ஜூனில் அமெரிக்கா ஈரானின் அணு நிலையங்களைக் குண்டுவீசித் தாக்கியதும், ஈரான் பதிலுக்கு ஏவுகணை வீசியது அந்தத் தளத்தின்மீதுதான். ஜூன் 23 இரவு, அந்தச் சண்டையில் சேராத கத்தாரின் வானத்தில் ஏவுகணைகள் இடைமறிக்கப்பட்டன. இரண்டரை மாதம் கழித்து, செப்டம்பர் 9 அன்று, ஹமாஸ் தலைவர்களைக் குறிவைத்து இஸ்ரேல் கத்தார் தலைநகர் தோஹாவிலேயே குண்டு வீசியது. தளம் இருந்ததால் முதல் தாக்குதல் வந்தது. தளம் இருந்தும் இரண்டாவது தாக்குதல் நிற்கவில்லை. பாதுகாப்புக்காக இடம் கொடுத்த ஒரு சிறிய நாட்டுக்கு இதைவிடச் சங்கடமான ஆண்டு வாய்த்திருக்காது.

கேள்வி: ஜப்பானியர்கள் அமெரிக்கப் படையை விரும்புகிறார்கள் என்கிறார்கள், ஒகினாவாவில் மட்டும் ஏன் ஓயாத போராட்டம்?
— கல்லூரி மாணவி, சிவகாசி

பதில்: சுமையும் பயனும் வெவ்வேறு ஊர்களில் இறங்குவதால்தான். ஜப்பானின் நிலப்பரப்பில் ஒகினாவா 0.6 சதவீதம், அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் அங்கே இருக்கிறது. 1945 போரில் தன் குடிமக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை இழந்த அந்தத் தீவு, ஜப்பானின் பெரும்பகுதி 1952இலேயே தன்னாட்சி பெற்றபின்னும், 1972 மே 15 வரை அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்தது.

கினோவான் நகரத்தின் நடுவயிற்றில் ஃபுடென்மா விமானத் தளம் இருக்கிறது. வீடுகளும் பள்ளிகளும் வேலியை ஒட்டியே நிற்கின்றன. 2017 டிசம்பர் 13 அன்று, அந்த வேலியை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியின் விளையாட்டுத் திடலில், உடற்பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, மேலே பறந்த அமெரிக்க ஹெலிகாப்டரின் ஜன்னல் கழன்று விழுந்தது. சட்டத்தோடு சேர்த்து ஏழு கிலோவுக்கு மேல் எடை. திடலில் ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். ஒரு சிறுவனுக்கு லேசான காயம், அவ்வளவோடு போயிற்று. அதன்பிறகு ஹெலிகாப்டர் நெருங்கும்போதெல்லாம் பிள்ளைகளை ஒதுங்கச் சொல்ல ஆள் நிறுத்தினார்கள். அவர்கள் ஓடி ஒதுங்கத் திடலிலேயே கூரை வைத்த மறைவிடங்கள் கட்டினார்கள். விமானத்தின் பாதையை மாற்றுவதைவிடக் குழந்தையின் பாதையை மாற்றுவது எளிது என்று அரசு கண்டுகொண்டது.

1995 செப்டம்பரில் மூன்று அமெரிக்கப் படையினர் பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். படையினர் பற்றிய உடன்பாட்டின்படி, குற்றப்பத்திரிகை தாக்கலாகும்வரை அவர்களை ஒப்படைக்க வேண்டிய கடமை அமெரிக்காவுக்கு இல்லை. அடுத்த மாதம் 85,000 பேர் திரண்டார்கள். 1996இல் இரு அரசுகளும் ஃபுடென்மாவைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டன, ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள். ஆனால் மாற்றுத் தளம் ஒகினாவாவுக்குள்ளேயே, ஹெனோகோ கடற்கரையில் அமையும் என்றார்கள். 2019 பிப்ரவரியில் நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் சுமார் 72 சதவீதத்தினர் அந்தக் கட்டுமானம் வேண்டாம் என்றார்கள். அந்த வாக்கு மத்திய அரசைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி டோக்கியோ கடலில் மண் கொட்டுவதைத் தொடர்ந்தது.

இவர்களை அமெரிக்க வெறுப்பாளர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. ஹெனோகோவை எதிர்த்து 2014இல் ஆளுநராக வென்ற தகேஷி ஓனாகா, ஆளுங்கட்சியில் வளர்ந்த பழமைவாதி. அமெரிக்க உறவு ஜப்பானுக்குத் தேவை என்று ஏற்றவர். அதன் சுமையைத் தம் தீவு மட்டும் சுமப்பது நியாயமா என்றுதான் கேட்டார். சீனத்தின் படைவலு பெருகியிருக்கும் இந்நாளில் தளத்தின் தேவை கூடியிருக்கிறது என்று டோக்கியோ சொல்வதிலும் பொருளுண்டு. ஆனால் தைவானை முன்னிட்டு ஒரு போர் வந்தால் முதல் ஏவுகணைகள் எங்கே விழும் என்பதும் ஒகினாவா மக்களுக்குத் தெரியும்.

கேள்வி: அமெரிக்கப் படையை வெளியேற்றிய நாடு ஏதேனும் உண்டா? அதற்குப் பிறகு என்ன ஆயிற்று?
— வாசகர், புதுச்சேரி

பதில்: பிலிப்பைன்ஸ். 1991 ஜூனில் பினாடுபோ எரிமலை கிளார்க் விமானத் தளத்தைச் சாம்பலால் மூடியது. செப்டம்பர் 16 அன்று, தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை பிலிப்பைன்ஸ் செனட் பன்னிரண்டுக்குப் பதினொன்று என்ற வாக்கில் நிராகரித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் சூபிக் விரிகுடாக் கடற்படைத் தளத்திலிருந்து கடைசிக் கப்பல் புறப்பட்டது. சூபிக் தொழில் வணிக மண்டலமாகி மறுவாழ்வு பெற்றது. பிழைப்புப் போய்விடும் என்று பயமுறுத்தியவர்கள் அந்த மட்டில் பொய்த்துப்போனார்கள். ஆனால் 1995 தொடக்கத்தில், பிலிப்பைன்ஸின் பலாவான் தீவுக்கு மேற்கே உள்ள மிஸ்சீஃப் திட்டில் சீனம் கட்டுமானங்களை எழுப்பியிருப்பது தெரியவந்தது. படை போனதால்தான் சீனம் வந்தது என்று அறுதியிட முடியாது. ஆனால் காலி இடம் வெகுநாள் காலியாக இருக்கவில்லை. பிறகு 2014இல் புதிய உடன்பாடு, 2023இல் அமெரிக்கர் பயன்படுத்தக்கூடிய இடங்கள் ஒன்பதாக உயர்வு என்று சக்கரம் திரும்பியிருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: இப்போது அவை பிலிப்பைன்ஸ் ராணுவத்தின் முகாம்கள், அமெரிக்கர் விருந்தினர். ஒரு வாக்கில் மறுத்த நாடு பின்னர் தன் நிபந்தனையில் அழைத்துக்கொண்டது என்பதால், இந்த ஏற்பாடு பழையதைவிட உறுதியாக நிற்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இந்தத் தளங்களுக்கு வாடகை யார் கொடுக்கிறார்கள்?
— வணிகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் வீட்டுக்காரரே குடியிருப்பவருக்குக் கொடுக்கிறார். ஜப்பான் 1978 முதல் செலவில் பங்கேற்று வருகிறது. 2022 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 1.05 லட்சம் கோடி யென். தென் கொரியா 2026ஆம் ஆண்டுக்கு ஒப்புக்கொண்ட பங்கு 1.52 லட்சம் கோடி வான். விதிவிலக்காகக் கியூபாவின் குவாந்தநாமோவுக்கு அமெரிக்கா ஆண்டுக்கு 4,085 டாலர் காசோலை அனுப்புகிறது. புரட்சிக்குப் பின் முதலாவதை மட்டும் மாற்றிய கியூபா, மற்றவற்றைத் தொடுவதில்லை. இரு தரப்பும் இசைந்தாலோ அமெரிக்கா தானே கைவிட்டாலோ அன்றிக் குத்தகை முடியாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

கேள்வி: நம் பக்கத்துக் கடலில் உள்ள டியாகோ கார்சியாவில் தமிழர்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்தார்களே, அங்கே அவர்களுக்கு என்ன வேலை?
— வாசகி, வவுனியா

பதில்: வேலை ஒன்றுமில்லை, அம்மா, கடல் கொண்டுபோய்ச் சேர்த்தது. கனடாவை நோக்கிப் புறப்பட்ட இலங்கைத் தமிழர் 89 பேரின் மீன்பிடிப் படகு நடுக்கடலில் தத்தளிக்க, 2021 அக்டோபரில் பிரித்தானியக் கடற்படை அவர்களைப் பிரிட்டனின் ஆட்சிப்பகுதியான அந்தத் தீவில் இறக்கியது. மூன்றாண்டுக்கும் மேலாகச் சிலர் கூடாரங்களில் காவலுக்குள் இருந்தார்கள். அவர்களைத் தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று அந்த ஆட்சிப்பகுதியின் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதே மாதம் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

அந்தத் தீவுக்குச் சொந்தக்காரர்களும் அங்கே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மொரீஷியஸுக்கு விடுதலை தருவதற்கு மூன்றாண்டு முன்பு, 1965இல், டியாகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரிட்டன் அதிலிருந்து பிரித்தெடுத்தது. அமெரிக்கத் தளத்துக்கு இடம் ஒழிக்க வேண்டி 1968க்கும் 1973க்கும் இடையே தீவுவாசிகள் ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட விடாமல் கொன்றார்கள். அங்கிருந்து எழுந்த குண்டுவீச்சு விமானங்கள் 2001இல் ஆப்கானிஸ்தானையும் 2003இல் ஈராக்கையும் தாக்கின. 2019இல் பன்னாட்டு நீதிமன்றம் அந்தப் பிரிப்பு சட்டப்படி நடக்கவில்லை என்று கருத்துரைத்தது. 2025 மே 22 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி தீவுகளின் இறைமை மொரீஷியஸுக்குப் போக வேண்டும், தளம் 99 ஆண்டுக்குப் பிரிட்டன் கையில் இருக்க வேண்டும். சாகோஸ் மக்கள் மற்றத் தீவுகளில் குடியேற அதில் வழியுண்டு. டியாகோ கார்சியாவில் இல்லை.

இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக்க வேண்டும் என்று 1971 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் நிறைவேறியது. அதை முன்வைத்தது உங்கள் நாடான இலங்கை. அதே டிசம்பரில்தான், வங்கதேசப் போரின்போது, அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. அந்த நினைவு தில்லியில் நெடுங்காலம் மறையவில்லை. இந்திய நலனுக்குக் கேடான வகையில் திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டின் ராணுவத்துக்கும் தருவதில்லை என்று 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் ஒரு வரி இடம்பெற்றதற்கும் அந்த அச்சமே பின்னணி.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்துக்கு அமெரிக்கக் கடற்படைக் கப்பல் வந்து போகிறது. நாளை அதுவும் தளமாகிவிடுமா?
— வாசகர், பொன்னேரி

பதில்: இப்போதைக்கு அப்படிச் சொல்ல முகாந்திரம் இல்லை. 2016இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட தளவாட உடன்பாட்டின்படி, ஒருவர் கப்பலும் விமானமும் மற்றவர் துறைமுகத்தில் எரிபொருளும் உணவும் பழுதுபார்ப்பும் விலை கொடுத்துப் பெறலாம். படையை நிறுத்திவைக்க அதில் இடமில்லை. 2022 ஆகஸ்டில் சார்லஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல் காட்டுப்பள்ளிக்கு வந்தது பழுதுபார்க்கத்தான். வேலை முடிந்ததும் புறப்பட்டுவிட்டது. நிலம் அவர்கள் கைக்குப் போகவில்லை, அவர்கள் வீரர்கள் மீது நம் சட்டம் செல்லாது என்ற உடன்பாடும் இல்லை. ஒகினாவாவையோ சூபிக்கையோ தளமாக்கியவை அந்த இரண்டும்தான். பொன்னேரியில் இருந்துகொண்டு நீங்கள் கவனிக்க வேண்டியவையும் அவையே.

நட்பு இருக்கிறது என்பதால் கருத்து வேறுபாடு இல்லை என்று எண்ண வேண்டாம். 2021 ஏப்ரலில், லட்சத்தீவுக்கு மேற்கே நம் தனிப் பொருளாதார மண்டலத்துக்குள், இந்தியாவின் இசைவைக் கேட்காமலே ஜான் பால் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் சென்றது. சென்றதை அமெரிக்காவின் ஏழாம் கடற்படைப் பிரிவு அறிக்கை விட்டே தெரிவித்தது. பிற நாட்டுக் கடற்படைகள் அங்கே பயிற்சியோ இயக்கங்களோ நடத்த நம் அனுமதி வேண்டும் என்பது இந்தியாவின் நிலை. பன்னாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது அமெரிக்காவின் வாதம். அந்தச் சட்டத்துக்கு மூலமான கடல் சட்ட உடன்படிக்கையை அமெரிக்க செனட் இதுவரை ஏற்கவில்லை என்பது வேடிக்கை. தில்லி தூதரக வழியில் தன் கவலையைத் தெரிவித்தது. முன்பும் இப்படிச் செய்திருக்கிறோம், இனியும் செய்வோம் என்றது அந்தக் கடற்படை. அது நடந்து பதினாறாவது மாதத்தில்தான் சார்லஸ் ட்ரூ காட்டுப்பள்ளிக்கு வந்தது. இரு அரசுகளும் அதை வரவேற்றன.